ஆமைத் தொட்டி மூன்றே நாளில் நாறுகிறது: எவ்வளவு பெரிய தொட்டி, எந்த ஃபில்டர்?

கோட்டார்வாசி (நாகர்கோவில்)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் ஒரு திருவிழாக் கடையில் மகள் அடம்பிடித்து இரண்டு ஆமைக்குஞ்சுகள் வாங்கினாள். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. ஓட்டின் நீளம் இப்போது இரண்டு அங்குலம் இருக்கும். கடைக்காரர் "இதுக்கு மேல வளராது சார், உள்ளங்கையிலேயே இருக்கும்" என்றார்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி. பாதி அளவு தண்ணீர். உள்ளே வைக்கும் சின்ன ஃபில்டர் ஒன்று, "இரண்டடித் தொட்டிக்கு" என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அடியில் கலர் கல், நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரத் தீவு.

பிரச்சினை நாற்றம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்குகிறது, நான்காம் நாள் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. ஞாயிறும் புதனும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் சோப்புப் போட்டு அலசி வைக்கிறேன். மறுபடியும் அதே கதை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஆச்சி தினமும் காலையில் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறாள். பெரிய ஃபில்டர் வாங்கினால் சரியாகுமா, இல்லை தொட்டியையே மாற்ற வேண்டுமா?

வேளிமலை

என் மச்சானிடமும் "வளராது" என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது அது சோற்றுத் தட்டு அளவு. மச்சான்தான் அப்படியே இருக்கிறான்.

குளத்தங்கரை (தேரூர்)

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது செங்காது ஆமை. கடைக்காரர்கள் ரெட் இயர்ட் ஸ்லைடர் என்பார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. ஆண் ஏழெட்டு அங்குலத்தில் நிற்கும், பெண் பத்து, பன்னிரண்டு அங்குலம் வரை போகும். ஒழுங்காக வளர்த்தால் இருபது முப்பது ஆண்டு இருக்கும். உங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகும் இது உங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆமை வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர். இரண்டாவது ஆமைக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் குஞ்சுகளுக்கு இன்றைய நிலையிலேயே 80 + 40, ஆக 120 லிட்டர் வேண்டும்.

உங்களிடம் இருப்பது எவ்வளவு? ஒரு கன அடிக்கு 28 லிட்டர். இரண்டடிக்கு ஓரடி, அதில் அரையடி ஆழத் தண்ணீர் என்றால் ஒரே ஒரு கன அடி. மொத்தமே 28 லிட்டர்தான். கல்லும் தீவும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். குளிக்கிற வாளி ஒன்றரையில் இரண்டு ஆமைகள் தின்று, கழித்து, அதிலேயே நீந்தினால் எந்த ஃபில்டர் என்ன செய்யும்?

"இரண்டடித் தொட்டிக்கு" என்று அட்டையில் போட்டிருப்பது நாலு மீனுக்கான கணக்கு. ஆமை அப்படியல்ல. வாயால் கிழித்துத் தின்னும், பாதியைச் சிதறடிக்கும், கழிவும் அதிகம். தொட்டி எத்தனை லிட்டரோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிய தொட்டிக்கென்று விற்கிற ஃபில்டரைத்தான் ஆமைக்கு வாங்க வேண்டும்.

கேனிஸ்டர் தம்பி (மார்த்தாண்டம்)

அண்ணன் சொன்ன கணக்கு சரி. தொட்டிக்கு நான் சொல்வது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அது 255 லிட்டர். அதற்கு மணிக்கு ஆயிரம் லிட்டருக்குக் குறையாத ஒரு கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது மூடிய டப்பா ஃபில்டரை, வெளியே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பஞ்சு, பயோ மீடியா (பாக்டீரியா ஒட்டி வளரும் துண்டுகள்) எல்லாவற்றுக்கும் உள்ளே நிறைய இடம். தொட்டிக்குள் இடத்தை அடைக்காது, சத்தமும் கிடையாது. மூன்று வருஷமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். வெள்ளம் கண்ணாடி மாதிரி கிடக்கும். உள்ளே போடும் சின்ன ஃபில்டர் எல்லாம் ஆமைக்கு விளையாட்டுச் சாமான். என்னுடையது முதல் ஃபில்டரின் ஒயரையே கடித்துவிட்டது.

குளத்தங்கரை

தம்பி, 255 லிட்டர் என்பது விளிம்பு வரை நிரப்பினால். ஆமைத் தொட்டியை யாராவது விளிம்பு வரை நிரப்புவார்களா? மறுநாள் காலையில் அது கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஐந்தாறு அங்குலம் இடம் விட்டு ஓரடி ஆழத்துக்கு ஊற்றினால் 170 லிட்டர்தான் தேறும். கடையில் சொல்லும் லிட்டர் வேறு, ஆமைக்குக் கிடைக்கும் லிட்டர் வேறு.

கேனிஸ்டர் தம்பி

அது உண்மைதான், நான் யோசிக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு வழி உண்டு. வெயில் காயும் மேடையைத் தொட்டிக்குள் வைக்காமல், விளிம்புக்கு மேலே பெட்டி மாதிரி கட்டி, ஒரு சாய்தளம் வைத்தால் தண்ணீரை இன்னும் நாலு அங்குலம் ஏற்றலாம். நான் பழைய பழக்கூடையைக் கவிழ்த்து, கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறேன். பார்க்க அழகில்லை, ஆமைக்கு அதில் புகார் இல்லை.

தக்கலை டீச்சர்

தொட்டி அளவை அண்ணன்மார் பேசிக்கொள்ளட்டும். கோட்டார்வாசி, உங்கள் பதிவில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தச் சோப்பு.

ஆமையின் கழிவிலிருந்து முதலில் வருவது அம்மோனியா. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கெடுதல், மூன்றாவது கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, அதைத் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாரம் இரண்டு முறை சோப்புப் போட்டு அவற்றைக் கொன்றுவிட்டு, மூன்றாம் நாள் ஏன் நாறுகிறது என்று கேட்கிறீர்கள். உங்கள் ஃபில்டருக்கு இன்னும் பிறந்தநாளே வரவில்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். மொத்தத் தண்ணீரையும் கொட்டாதீர்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் இப்போதிருக்கும் 28 லிட்டர் தொட்டிக்கு இது பொருந்தாது. பெரிய தொட்டி வரும்வரை தினமும் பாதி மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு வாளியில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதில் அலசினாலும் பாக்டீரியா சாகும். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்து ஊற்றுங்கள், அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியில் இரண்டு சொட்டு விடுங்கள்.

அந்தக் கலர் கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கழிவு அதற்கடியில் போய் உட்கார்ந்து அழுகும். அதைவிட, ஆமை அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். கல் போட ஆசையிருந்தால் ஆமையின் தலையைவிடப் பெரிய கூழாங்கல் மட்டும்.

கோட்டார்வாசி

டீச்சர், கோபப்படாதீர்கள். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கல்லை எடுத்தாயிற்று. எடுக்கும்போது அடியில் இருந்ததைப் பற்றி எழுதினால் நீங்கள் யாரும் சோறு சாப்பிட மாட்டீர்கள்.

எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான், குளோரின் கிடையாது. அது நல்லதுதானே?

மணக்குடி அலை

கிணற்றுத் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் கோடையில் கிணறு உப்புக் கரிக்கும், கண்ணாடியில் வெள்ளைப் படலம் உட்காரும். கொஞ்சம் உப்பினால் ஆமை சாகாது, ஆனால் அதற்கு அது ஊர் அல்ல. நான் மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துப் பாதிப் பாதி கலக்கிறேன். கோட்டாரில் உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். வாயில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குளத்தங்கரை

நாற்றத்தைக் குறைக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. தீனியைத் தொட்டிக்குள் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஆமை முங்கும் அளவுக்குத் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஆமையை அதில் விட்டுத் தீனி போடுங்கள். இருபது நிமிஷம் தின்னட்டும். தின்றதும் பெரும்பாலும் அங்கேயே கழித்தும் விடும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு ஆமையைத் திரும்பத் தொட்டியில் விடுங்கள். ஃபில்டரின் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

கடையில் காய்ந்த கூனி இறாலைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அது நொறுக்குத்தீனி மாதிரி. தலை அளவுக்கு உருண்டைத் தீனி ஒரு வேளை போதும். வளர வளர இலை தழையைக் கூட்டுங்கள். நான் பாசியும் ஆகாயத்தாமரையும் போடுகிறேன். உப்புக் கருவாட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

வேளிமலை

ஆமைக்குத் தனி டைனிங் டேபிள். கொள்ளாம்.

வடசேரி கண்ணாடி

தொழில் கண்ணாடி, மீன் தொட்டியும் ஒட்டித் தருவேன், அதனால் சொல்கிறேன். நாலடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் 8 எம்.எம். கண்ணாடி கேளுங்கள், மேலே குறுக்குப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். 5 எம்.எம்.மில் மலிவாக ஒட்டித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். இரண்டடி உயரம் போனால் 10, 12 எம்.எம். வேண்டும், அப்போது விலை வேறு மாதிரி. சிலிக்கான் காய்ந்து புளிப்பு வாடை முழுக்கப் போன பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை. 170 லிட்டர் தண்ணீர் என்றால் 170 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் மூன்று பெரிய ஆட்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்பது போல. டிவி மேஜை மேல் வைக்காதீர்கள். ஆங்கிள் ஸ்டாண்டு அடித்து, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் அரை அங்குலத் தெர்மோகோல். தெர்மோகோல் இல்லாமல் வைத்து, ஒரு சின்ன மணல் துணுக்கால் அடிக்கண்ணாடி கீறிப்போன தொட்டிகள் என்னிடம் திரும்பி வந்திருக்கின்றன.

கோட்டார்வாசி

ஒரு சந்தேகம். வளர்ந்த பிறகு இரண்டுக்கும் எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். எட்டு அங்குலம் இரண்டு என்றால் 320 + 160, 480 லிட்டர். அப்படியானால் நாலடித் தொட்டியும் இடைக்காலம்தானா? இரண்டு முறை செலவு செய்ய என் பையில் ஓட்டை இல்லை.

குளத்தங்கரை

இதைத்தான் நீங்களாகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

தம்பி, கண்ணாடித் தொட்டி நாம் பார்ப்பதற்கு. ஆமைக்குக் கண்ணாடி தேவையில்லை. நம் மாவட்டத்தில் தண்ணீரைச் சூடேற்றும் ஹீட்டரும் தேவையில்லை. வருஷம் முழுவதும் வெளியே வைக்கலாம். குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டுக்குள் வைத்து விளக்குப் போட்டுச் சூடேற்றுவதைப் பார்த்துவிட்டு நாமும் வரவேற்பறையில் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறோம்.

என் வீட்டுப் பின்பக்கம் நாலடி விட்டத்தில் இரண்டு கிணற்று உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டிருக்கிறேன். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் 530 லிட்டர். நாலடிக் கண்ணாடித் தொட்டியும் ஸ்டாண்டும் ஆகிற செலவில் பாதிகூட ஆகவில்லை. அடியில் ஒன்றரை அங்குலக் குழாய், வெளியே வால்வு. திறந்தால் அடியில் தங்கிய கழிவோடு தண்ணீர் வாழைக்குப் போகும். அந்த மூட்டு மட்டிவாழை போடுகிற குலையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன உரம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஃபில்டர் கடையில் வாங்கியதில்லை. ஏர்கூலர் மோட்டாரை விடக் கொஞ்சம் பெரிய தண்ணீருக்குள் வைக்கும் மோட்டார் ஒன்று. அது தண்ணீரை மேலே இருக்கும் 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்கு ஏற்றும். வாளிக்குள் முதலில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார், அப்புறம் பஞ்சு. அங்கே பெரிய அழுக்கு நின்றுவிடும். அங்கிருந்து தண்ணீர் இன்னொரு டப்புக்கு வழியும். அந்த டப் முழுக்க முக்கால் அங்குல ஜல்லி, அதில் கல்வாழை நட்டிருக்கிறேன். டீச்சர் சொன்ன பாக்டீரியா ஜல்லியில் குடியிருக்கும், கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டைக் கல்வாழை வேர் உறிஞ்சும். டப்பின் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் தானாகத் தொட்டிக்குள் விழும். செடியை நேரே ஆமைத் தொட்டியில் வைத்தால் ஒரே ராத்திரியில் சாலட். அதனால்தான் தனி டப்.

கேனிஸ்டர் தம்பி

அண்ணே, வாளி ஃபில்டரை நானும் முதலில் செய்து பார்த்தேன். பஞ்சு அடைத்துக்கொண்டு தண்ணீர் வாளிக்கு மேலே வழிந்து, காலையில் அறை முழுக்க வெள்ளம், தொட்டி காலி. அன்றைக்கு விட்டதுதான்.

குளத்தங்கரை

அதற்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். வாளியின் மேல் விளிம்புக்கு ஓரங்குலம் கீழே இன்னொரு துளை போட்டு, அதிலிருந்து ஒரு குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட வேண்டும். பஞ்சு அடைத்தாலும் தண்ணீர் அந்த வழியாகத் தொட்டிக்கே திரும்பும். அப்புறம், மோட்டாரைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வைக்க வேண்டும். எங்கே ஒழுகினாலும் அடியில் நாலு அங்குலம் தண்ணீர் மிஞ்சும். மோட்டாரும் கருகாது, ஆமையும் காயாது.

தக்கலை டீச்சர்

கரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரத்தோடு பிளக்கைத் தொடாதீர்கள். தொட்டிக்குள் கை விடுமுன் மோட்டாரை நிறுத்துங்கள். ஒயரைத் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குக் கொண்டுபோகாமல் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கொண்டுபோனால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரம் வந்தால் தானாக அணைக்கும் இ.எல்.சி.பி. அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தை இருக்கிற வீடு.

இன்னொன்று, ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உங்கள் சோப்பை அங்கே செலவழியுங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா என்ற, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கலாம். குழந்தைகளுக்கு அது பரவியதால்தான் அமெரிக்காவில் 1975 முதல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கவே தடை போட்டிருக்கிறார்கள். தொட்டிச் சாமான்களை அடுக்களைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

மணக்குடி அலை

கரண்ட் போனால் என்ன செய்வது? 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்களுக்குப் பல நாள் இருட்டு. என்னிடம் அப்போது மீனும் இருந்தது, ஆமையும் இருந்தது. மீன் முழுக்கப் போய்விட்டது.

கேனிஸ்டர் தம்பி

ஆமை தலையை நீட்டி மூச்சு விடும், அதனால் பம்ப் நின்றால் உடனே ஆபத்தில்லை. ஆபத்து ஃபில்டருக்குள்தான். என் மாமா வீட்டிலும் ஒக்கியில் கேனிஸ்டர் மூடியபடியே கிடந்தது. கரண்ட் வந்ததும் சந்தோஷமாகச் சுவிட்சைப் போட்டார். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் அழுகிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் பீய்ச்சியது. அழுகிய முட்டை வாடை. அரைநாளுக்கு மேல் நின்றிருந்தால் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஓட விட வேண்டும். இந்த விஷயத்தில் அண்ணனின் திறந்த வாளியும் ஜல்லி டப்பும் கேனிஸ்டரைவிட மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். எழுதவே மனசு வரவில்லை.

இன்னொன்று, அட்டையில் போட்டிருக்கும் "மணிக்கு ஆயிரம் லிட்டர்" என்பது குழாய் இல்லாமல், உயரம் இல்லாமல், பஞ்சு இல்லாமல் அளந்தது. மேலே ஏற ஏறக் குறையும். 10 லிட்டர் வாளியை வெளிவாயில் பிடித்து நேரம் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் மணிக்கு 600. என்னுடையதை அப்படி அளந்த அன்றுதான் எனக்கு உண்மை தெரிந்தது. எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

ஆற்றங்கரை (குழித்துறை)

இதே மாதிரி தொட்டிதான் நானும் கட்டியிருக்கிறேன். எங்கள் தோட்டக் குளத்தில் பிடித்த கறுத்த ஓட்டு ஆமை ஒன்று அதில் இருக்கிறது. இதற்கும் அதே 40 லிட்டர் கணக்குதானா?

குளத்தங்கரை

அதற்குக் கணக்கே வேண்டாம், பிடித்த குளத்திலேயே இன்றைக்கே விட்டுவிடுங்கள். நம்மூர்க் குளத்து ஆமைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வீட்டில் வைத்திருந்தால் வழக்கு, சிறை வரை போகும். வெளிநாட்டு ஆமைகளோடு அதை ஒரே தொட்டியில் வைத்திருந்தால் மட்டும் நேரே குளத்தில் விடாமல், முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். நோய் ஒட்டியிருக்கலாம்.

ஆற்றங்கரை

தனியாகத்தான் இருந்தது. சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரே முங்கு.

அனந்தன்கால்

இவ்வளவு பாடு எதற்கு? பேசாமல் தேரூர் குளத்தில் கொண்டுபோய் விட்டால் ஆமைக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை.

குளத்தங்கரை

ஐயா, நான் அந்தக் குளத்தங்கரையில் பிறந்து வளர்ந்தவன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம், வேம்பனூரும் அப்படியே. உலகத்தில் மிக மோசமாகப் பரவும் நூறு அயல் உயிர்களின் பட்டியலில் இந்தச் செங்காது ஆமையும் இருக்கிறது. எது கிடைத்தாலும் தின்னும், நம் ஆமைகள் வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பல ஆண்டு சாகாது. ஒருவர் இரண்டு விடுவார், இன்னொருவர் நான்கு விடுவார், நமக்குத் தெரியாமலே குளம் கைமாறிவிடும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். இங்கேயே கேளுங்கள், யாராவது எடுத்துக்கொள்வார்கள். குளத்துப் பக்கம் மட்டும் வர வேண்டாம்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அனந்தன்கால்

சாரமில்லை அண்ணாச்சி. எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், போய்ச் சொல்கிறேன்.

கோட்டார்வாசி

முடிவெடுத்துவிட்டேன். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் காலை வெயில் விழும் இடம் இருக்கிறது. உறை இறக்கப் போகிறேன். குஞ்சுகள் அதுவரை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில், 120 லிட்டரில். வெளியே வைப்பதில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

குளத்தங்கரை

சிமெண்ட் புதிதாக இருக்கும்போது சுண்ணாம்பு விடும், தண்ணீரில் காரத்தன்மை ஏறும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தடையை, அதாவது வாழைத் தண்டை, துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற விட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று முறை. அவசரப்பட்டு முதல் நாளே ஆமையை இறக்கிவிடாதீர்கள்.

பாதித் தொட்டிக்காவது நிழல் வேண்டும். ஏறி உட்கார ஒரு மேடை கட்டாயம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஓடு கெட்டிப்படும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. அதற்காகக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள், அரைமணி நேரத்தில் வெந்துவிடும்.

குஞ்சாக இருக்கும்வரை மேலே வலை. காக்கா, பூனை, கீரி மூன்றும் காத்திருக்கும். உறையின் மேல் விளிம்பில் உள்பக்கமாக மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பட்டை வைத்துப் பூசுங்கள். ஆமை ஏறும், நம்ப மாட்டீர்கள். நம் ஊருக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதிகத் தண்ணீர் வழியும் குழாய்க்குக் கம்பிவலை போடுங்கள். 2021 நவம்பர் மழையில் என் தொட்டி நிரம்பி, பெரியவள் விளிம்பில் ஏறி நடந்துவிட்டாள். மூன்றாம் நாள் வாழைத் தோட்டத்துச் சாக்கடையில் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் வேகமாக எதிர்ப்பக்கம் போனாள்.

கொசுவுக்குக் கப்பி மீன் பத்து விடுங்கள். சிலதை ஆமை தின்னும், மிச்சம் பெருகும். டெங்கு பார்க்க வருகிறவர்களிடம் திட்டு வாங்காமல் இருக்கலாம்.

தக்கலை டீச்சர்

நாலு அங்குலம் ஆனபின் ஆணா பெண்ணா என்று பாருங்கள். ஆணுக்கு முன்கால் நகம் நீளமாக இருக்கும், வாலும் தடித்து நீண்டிருக்கும். இரண்டும் ஆணாக இருந்து கடித்துக்கொண்டால் பிரித்துத்தான் வைக்க வேண்டும். இடம் எவ்வளவு இருந்தாலும் சில ஒத்துப்போகாது.

என் தொட்டியில் ஓராண்டாக ஓடும் பஞ்சு ஒன்றைப் பாதியாக வெட்டித் தருகிறேன். உங்கள் வாளியில் போட்டால் ஆறு வாரக் காத்திருப்பு நன்றாகக் குறையும். சனிக்கிழமை வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். ஈரத்தோடு கவரில் கட்டிக் கொண்டுவருவேன், வெயிலில் வைக்காமல் நேரே வீட்டுக்குப் போய்விடுங்கள். காய்ந்தால் பலனில்லை.

கோட்டார்வாசி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

உறை இறக்கி, வாழைத்தடை மூன்று முறை ஊற வைத்து, போன மாதம் விட்டோம். பெயிண்ட் வாளி, ஜல்லி டப், கல்வாழை எல்லாம் அண்ணன் சொன்னபடியே. டீச்சரின் பஞ்சும் உள்ளே இருக்கிறது. வாளி வைத்து அளந்தேன், மோட்டார் அட்டையில் 1800, எனக்கு வருவது 1100. 530 லிட்டருக்கு மணிக்கு இரண்டு சுற்று, போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் தண்ணீர் பச்சையாகிப் பயந்தேன், நிழலுக்கு ஓலை போட்டதும் தெளிந்தது. அடிவால்வை வாரம் ஒருமுறை திறக்கிறேன். நாற்றம் சுத்தமாக இல்லை. பழைய கண்ணாடித் தொட்டியில் மகள் கப்பி வளர்க்கிறாள்.

ஒரே ஒரு தொல்லை. தீனி டப்பில் சரியாகத் தின்னாமல் திரும்பத் தொட்டிக்குப் போனதும் கரைக்கு வந்து வாயைத் திறந்து நிற்கின்றன. ஏதாவது நோயா?

குளத்தங்கரை

வீட்டில் வேறு யாரோ தீனி போடுகிறார்கள். விசாரியுங்கள்.

கோட்டார்வாசி

விசாரித்தேன். ஆச்சி. காலையில் காப்பியோடு போய் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.